டிபீவரின் முன்னோட்டப் பதிப்பைப் பத்திரமாகச் சோதிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

தரவுத்தள சர்வருக்குப் புதிய பதிப்பு வந்தால் பேக்கப் எடுக்கிறோம், சோதனை மெஷினில் ஏற்றிப் பார்க்கிறோம், சனிக்கிழமை இரவுக்காகக் காத்திருக்கிறோம். டிபீவர் போல அந்த சர்வரோடு பேசுகிற கருவிக்குப் புதிய பதிப்பு வந்தால் மட்டும், சாப்பிட்டுவிட்டு வந்த கையோடு நிறுவி, நேராக உண்மையான தரவு ஓடும் ப்ரொடக்‌ஷனில் இணைத்துவிடுகிறோம். "வெறும் கிளையண்ட்தானே" என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. டேபிளை வரியும் நெடுவரிசையுமாகக் காட்டும் கட்டத்தில் நீங்கள் திருத்துகிற மதிப்பை அப்டேட் கட்டளையாக மாற்றி அனுப்புவது அந்தக் கருவிதான். எந்த வரி திருத்தப்பட வேண்டும் என்ற நிபந்தனையை எழுதுவதும் அதுதான். மாற்றம் எப்போது கமிட் ஆகும், அதாவது நிரந்தரமாகப் பதியும் என்பதும் அதன் கையில். அங்கே ஒரு பிழை இருந்தால், சர்வர் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் பயனில்லை. வந்த கட்டளை சரியான இலக்கணத்தில் இருந்தால் அது செய்து முடித்துவிடும்.

அதற்காக முன்னோட்டப் பதிப்புகளை ஒதுக்கச் சொல்லவில்லை. யாராவது சோதித்தால்தான் பிழைகள் வெளியே வரும். தமிழ் எழுத்தும் இந்திய நேரமும் கலந்த தரவை வைத்து வேலை செய்கிற நாம் சோதிக்காவிட்டால், அந்தப் பிழைகளை வேறு யாரும் நமக்காகத் தேடித்தர மாட்டார்கள். பத்திரமாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டிக்கு டிபீவரின் இலவசப் பதிப்பான கம்யூனிட்டி எடிஷனை எடுத்துக்கொள்கிறேன். செர்ஜ் ரைடர் 2010இல் தொடங்கிய திட்டம் இது. ஜாவாவில் எழுதப்பட்டு, எக்லிப்ஸ் தளத்தின் மேல் ஓடுகிறது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர், எஸ்கியூலைட் என்று, ஜாவா நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவர் இருக்கிற எதனுடனும் பேசும். 2021இலிருந்து பதிப்பு எண்ணின் முதல் இரண்டு இலக்கம் ஆண்டைக் குறிக்கிறது. 24.1 என்றால் 2024ஆம் ஆண்டின் வரிசை. நிலையான வெளியீடு ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரும். அவற்றுக்கு முன்னால் வருகிற பதிப்புக்கு ஏர்லி ஆக்சஸ் என்று பெயர். இந்தக் கட்டுரையில் முன்னோட்டம் என்று நான் சொல்வது அதைத்தான்.

வொர்க்ஸ்பேஸைப் பிரித்து வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

டிபீவர் உங்கள் இணைப்புகள், ஸ்கிரிப்ட்கள், அமைப்புகள் எல்லாவற்றையும் வொர்க்ஸ்பேஸ்6 என்ற கோப்புறையில் வைத்திருக்கிறது. விண்டோஸில் அது உங்கள் பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, ரோமிங், டிபீவர்டேட்டா என்ற வழியில் இருக்கும். லினக்ஸில் ஹோம் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் லோக்கல், ஷேர் வழியாகப் போனால் அதே டிபீவர்டேட்டா. மேக்கில் உங்கள் லைப்ரரி கோப்புறைக்குள். நிரலை எங்கே நிறுவினாலும் இந்த இடம் மாறாது. ஆகவே முன்னோட்டத்தை வேறு கோப்புறையில் பிரித்துப் போட்டுவிட்டு "தனியாகத்தான் வைத்திருக்கிறேன்" என்று நினைக்க வேண்டாம். திறந்தவுடன் அது உங்கள் பழைய வொர்க்ஸ்பேஸையே எடுத்துக்கொள்ளும். புதிய பதிப்பு எழுதிவைத்த அமைப்புகளைப் பழைய பதிப்பு அப்படியே புரிந்துகொள்ளும் என்று யாரும் உறுதி தர முடியாது.

முதலில் டிபீவரை மூடிவிட்டு, வொர்க்ஸ்பேஸ்6 கோப்புறையை முழுதாக நகலெடுங்கள். நினைவிருக்கட்டும், சேமித்து வைத்த கடவுச்சொற்களும் அதற்குள்தான் இருக்கின்றன. அவை மறையாக்கப்பட்ட கோப்பில் இருந்தாலும் அந்தப் பூட்டை நம்பி நகலைப் பொது டிரைவிலோ மின்னஞ்சலிலோ போடாதீர்கள். வீட்டுச் சாவியை எங்கே வைப்பீர்களோ அங்கே வையுங்கள்.

அப்புறம் முன்னோட்டத்தை இறக்குங்கள். இன்ஸ்டாலர் வேண்டாம். விண்டோஸுக்கு ஜிப்பாகவும் லினக்ஸுக்கு டார் கோப்பாகவும் கிடைப்பதை எடுத்து, டிபீவர்-முன்னோட்டம் போன்ற தனிக் கோப்புறையில் பிரியுங்கள். உங்கள் நிலையான பதிப்பு அதன் இடத்தில் அப்படியே இருக்கட்டும். ஜிப்புக்குள் டிபீவர் டாட் ஐஎன்ஐ என்ற சிறு உரைக்கோப்பு இருக்கும். அதைத் திறந்து, முதல் வரியில் மைனஸ் குறியோடு சேர்த்து ஆங்கிலத்தில் டேட்டா என்றும், அடுத்த வரியில் புதிய காலிக் கோப்புறையின் முழு முகவரியையும் தட்டுங்கள். இரண்டும் இரண்டு வரிகளில்தான் இருக்க வேண்டும். அந்தக் கோப்பில் விஎம்ஆர்க்ஸ் என்று ஒரு வரி வரும். அதற்குக் கீழே எழுதினால் அது ஜாவாவுக்குப் போய்விடும், டிபீவருக்குச் சேராது. எனவே அந்த வரிக்கு மேலே எழுதுங்கள்.

மேக்கில் செயலியின் உள்ளே இருக்கும் கோப்பைத் திருத்தாதீர்கள், கையொப்பச் சிக்கல் வரலாம். டெர்மினலிலிருந்து செயலியின் உள்ளே இருக்கும் இயங்கு கோப்பை அழைத்து, மைனஸ் குறியோடு அதே டேட்டா என்ற சொல்லையும் கோப்புறை முகவரியையும் பின்னால் கொடுங்கள்.

திறந்தவுடன் இணைப்புப் பட்டியல் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் பிரிப்பு சரி. பழைய இணைப்புகள் தெரிந்தால் உடனே மூடிவிட்டு ஐஎன்ஐ கோப்பை மறுபடி பாருங்கள்.

டிரைவர் கோப்புகள் மட்டும் வொர்க்ஸ்பேஸுக்கு வெளியே, டிபீவர்டேட்டாவுக்குள் டிரைவர்ஸ் என்ற பொதுக் கோப்புறையில் சேரும். பெரும்பாலும் தொந்தரவில்லை. ஒரே டிரைவரை இரண்டு பதிப்பிலும் வைத்து ஒப்பிட உதவவும் செய்யும்.

எதோடு இணைப்பது

முதல் நாள் எந்த சர்வரோடும் இணைக்க வேண்டாம். ஹெல்ப் மெனுவில் மாதிரித் தரவுத்தளம் உருவாக்க ஒரு வசதி இருக்கிறது. அது சினூக் என்ற எஸ்கியூலைட் தரவுத்தளத்தை உங்கள் கணினியிலேயே அமைத்துத்தரும். இசைக் கடை ஒன்றின் கற்பனைத் தரவு. அதில் எனக்குப் பிடித்தது, எண்ணிக்கைகள் தெரிந்தவை என்பது. பாடல் டேபிளில் 3503 வரிகள், பில் விவர டேபிளில் 2240, பில்கள் 412, வாடிக்கையாளர்கள் 59. கருவி ஏதாவது வரியை விழுங்கினால் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது நாள், உங்கள் சொந்த மெஷினில், நிரல்களைத் தனிப் பெட்டியில் ஓட்டும் டாக்கரில் ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வரை எழுப்பிக்கொள்ளுங்கள். மைஎஸ்கியூஎல் பயன்படுத்துகிறவர்கள் அதை எழுப்புங்கள். அலுவலகத்தின் பொதுச் சோதனை சர்வர்கூட இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கருவியின் முன்னோட்டத்தை, குழு முழுவதும் பகிர்ந்துகொண்ட சோதனை சர்வரில் இணைத்தேன். அந்தப் பதிப்பில், ஒவ்வொரு கட்டளையையும் தானாகப் பதிந்துவிடும் ஆட்டோ கமிட் அணைந்திருந்தது. நான் கவனிக்கவில்லை. ஒரு அப்டேட் ஓட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன். அதே டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்க்க முயன்ற சக ஊழியரின் கட்டளை, கமிட் ஆகாமல் திறந்தே இருந்த என் டிரான்சாக்‌ஷனுக்காகக் காத்து நின்றது. அதற்குப் பின்னால் வந்த சாதாரண செலக்ட்கள் அந்தக் கட்டளைக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றன. குழுவில் பாதிப் பேருக்கு ஒரு மணி நேர வேலை போனது. அன்றிலிருந்து எந்தக் கருவியைத் திறந்தாலும் நான் முதலில் பார்ப்பது கமிட் நிலையைத்தான்.

உண்மையான தரவை வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்ற கட்டம் பிறகு வரலாம். அப்போது வாசிக்க மட்டும் உரிமையுள்ள பயனரை வைத்து இணையுங்கள். போஸ்ட்கிரெஸ் 14 முதல், எல்லா டேபிள்களையும் வாசிக்க மட்டும் அனுமதிக்கும் பங்கு ஒன்று சர்வரிலேயே தயாராக இருக்கிறது. டிபீவரின் இணைப்பு அமைப்பிலும் ரீட்-ஒன்லி என்று ஒரு குறி உண்டு. அதையும் போடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். சோதிக்கப்படுகிற கருவியையே காவலுக்கு நிறுத்துவது சரியாகாது. பூட்டு சர்வர் பக்கம் இருக்க வேண்டும்.

கமிட், கட்டத்தில் திருத்தம்: நேரம் செலவிட வேண்டிய இடம்

டிபீவர் இணைப்புகளுக்கு டெவலப்மென்ட், டெஸ்ட், ப்ரொடக்‌ஷன் என்று வகை உண்டு. முதல் இரண்டில் ஆட்டோ கமிட் இயங்கும். ப்ரொடக்‌ஷன் வகையில் அது அணைந்திருக்கும், கட்டளை ஓடும்முன் உறுதியும் கேட்கும். டாக்கர் சர்வருக்கே மூன்று வகையிலும் மூன்று இணைப்புகள் உருவாக்கி, முன்னோட்டத்தில் இந்த நடத்தை அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்மார்ட் கமிட் என்ற நிலையும் உண்டு. வாசிக்கும்போது ஆட்டோவாக இருந்து, தரவை மாற்றும் முதல் கட்டளை வந்ததும் தானாக மேனுவலுக்கு மாறும். இதைப் பயன்படுத்துகிறவர்கள் இதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

கருவி சொல்வதைக் கருவியிலேயே சரிபார்க்காதீர்கள். போஸ்ட்கிரெஸில் இப்போதைய இணைப்புகளைக் காட்டும் ஸ்டாட் ஆக்டிவிட்டி என்ற பார்வை (வியூ) இருக்கிறது. போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்கியூஎல்-ஐத் தனி டெர்மினலில் திறந்து அதைக் கேளுங்கள். டிபீவர் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் சேர்த்தே சர்வரிடம் அறிமுகப்படுத்திக்கொள்ளும். எனவே எந்த இணைப்பு முன்னோட்டத்திலிருந்து வந்தது என்று தெளிவாகத் தெரியும். மெயின், மெட்டாடேட்டா, எடிட்டர் என்று ஒரே சாளரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகள் இருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் திகைப்பார்கள். அது இயல்பு. பார்க்க வேண்டியது இணைப்பின் நிலையைச் சொல்லும் நெடுவரிசை. வேலை முடிந்த பிறகும் "ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்" என்று ஒரு வரி தங்கியிருந்தால், டிரான்சாக்‌ஷன் இன்னும் திறந்தே இருக்கிறது என்று பொருள். மேனுவல் நிலையில் ஒரு அப்டேட் ஓட்டி, கமிட் செய்யாமல் இணைப்பைத் துண்டிக்கப் பாருங்கள். கமிட்டா, மாற்றத்தைக் கைவிடும் ரோல்பேக்கா என்று கேட்கிறதா? ரோல்பேக் என்றால் மதிப்பு உண்மையிலேயே பழையபடி இருக்கிறதா? இதையும் டெர்மினலில்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது கட்டத்தில் திருத்துவது. ஒரு மதிப்பை மாற்றி, சேமிக்கும் முன் ஸ்கிரிப்டைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். அனுப்பப்போகிற அப்டேட் கட்டளை தெரியும். அதன் நிபந்தனைப் பகுதியில், ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி மட்டும் இருக்கிறதா என்று படியுங்கள். பிறகு முதன்மைச் சாவியே இல்லாத ஒரு டேபிளை வேண்டுமென்றே உருவாக்குங்கள். ஒன்றுபோல இரண்டு வரிகள் போட்டு, ஒன்றை மட்டும் திருத்திப் பாருங்கள். கருவி தடுக்கிறதா, எச்சரிக்கிறதா, இரண்டையும் மாற்றிவிடுகிறதா? நிலையான பதிப்பு செய்வதையும் முன்னோட்டம் செய்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மாற்றம் பிடிபடும்.

இன்னும் ஆழமாகப் போக விரும்பினால், சோதனை சர்வரில் லாக் ஸ்டேட்மென்ட் என்ற அமைப்பை "ஆல்" என்று வைத்து, சர்வரின் அமைப்புகளை மீள ஏற்றுங்கள். கருவி அனுப்புகிற ஒவ்வொரு கட்டளையும் சர்வர் லாகில் விழும், கூடவே அளபுரு மதிப்புகளும். ஒரு டேபிளைத் திறந்தால் பின்னணியில் டேபிளின் அமைப்பை விசாரிக்கும் எத்தனை கேட்டலாக் வினவல்கள் போகின்றன என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இரண்டு பதிப்புகளிலும் ஒரே வேலையைச் செய்து இரண்டு லாக்குகளையும் ஒப்பிடுங்கள். வெளியீட்டுக் குறிப்பில் எழுதாத மாற்றங்களும் இதில் தெரிந்துவிடும்.

தமிழ் எழுத்து, நீண்ட எண், நம் நேரம்

ஒரு டேபிளில் "தமிழ்" என்ற சொல்லைக் கட்டத்தின் வழியாகவே தட்டிச் சேமியுங்கள். பின்பு சர்வரிடம் அதன் நீளத்தைக் கேளுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் எழுத்து நீளம் 5 என்று வர வேண்டும். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் பைட் நீளம் 15. வேறு எண் வந்தால் வழியில் எங்கோ எழுத்து சிதைகிறது. அப்புறம் கட்டத்தில் "கொ", "பௌ" போன்ற எழுத்துகளின் குறிகள் இடம் மாறாமல் தெரிகின்றனவா, கர்சர் நடுவில் மாட்டிக்கொள்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இந்தச் சோதனை தமிழ் படிக்கத் தெரிந்தவரால்தான் முடியும்.

அதே டேபிளை சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்து எக்செலில் திறந்தால் எழுத்துகள் குப்பையாகத் தெரியலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். ஏற்றுமதி அமைப்பில், கோப்பு யூனிகோடு என்று எக்செலுக்குச் சொல்லும் பிஓஎம் என்ற தொடக்க அடையாளத்தைச் சேர்க்கும் குறியைப் போட்டு மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால்தான் பிழை.

எண்களுக்கு என் வழக்கமான சோதனை மதிப்பு 9007199254740993. இரண்டின் 53ஆம் அடுக்கைவிட ஒன்று அதிகம். வழியில் எங்காவது இந்த எண் மிதவைப் புள்ளி எண்ணாக மாறினால், கடைசி இலக்கம் 3 போய் 2 வந்துவிடும். பெரிய முழு எண்ணுக்கான பிக்இன்ட் நெடுவரிசையில் போட்டு, கட்டத்திலும் ஜேசன் ஏற்றுமதியிலும் பாருங்கள். கோப்பைச் சாதாரண உரை எடிட்டரில் திறங்கள். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் தானே வெட்டிவிடும் என்பதால் அதில் பார்த்துவிட்டு டிபீவரைக் குறை சொல்லக் கூடாது.

நேரத்துக்கு வருவோம். 2024 டிசம்பர் 31, 18:30 யுடிசி என்ற மதிப்பை மண்டலத்தோடு கூடிய நேர நெடுவரிசையில் சேமியுங்கள். இந்திய நேரத்திலும் இலங்கை நேரத்திலும் அது 2025 ஜனவரி 1 நள்ளிரவாகத் தெரிய வேண்டும். ஆண்டு, மாதம், நாள் மூன்றும் ஒரே நேரத்தில் மாறுவதால் தவறு பளிச்சென்று தெரியும். ஏற்றுமதியிலும் அதே மதிப்பா என்று பார்க்க மறக்காதீர்கள்.

இந்தியாவில் விண்டோஸ் பயன்படுத்துகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு தொல்லையும் உண்டு. ஜாவா நம் நேர மண்டலத்தை "ஏசியா/கல்கட்டா" என்ற பழைய பெயரில் எடுத்துக்கொண்டு, இணைக்கும்போதே போஸ்ட்கிரெஸுக்கு அனுப்புகிறது. டெபியன், உபுண்டுவின் புதிய வெளியீடுகளில் பழைய மண்டலப் பெயர்கள் தனிப் பொதியாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. அந்தப் பொதி இல்லாத சர்வர், டைம்ஸோன் மதிப்பு செல்லாது என்று சொல்லி இணைப்பையே மறுத்துவிடும். முன்னோட்டத்தில் இது வந்தால் முன்னோட்டத்தின் பிழை என்று முடிவு கட்டாதீர்கள். நிலையான பதிப்பிலும் அதே சர்வருக்கு வரும். ப்ரிஃபரன்சஸில் பயனர் இடைமுகப் பகுதியில் நேர மண்டலத்தை "ஏசியா/கொல்கத்தா" என்று மாற்றினால் தீரும்.

ஏற்றுமதி, நீண்ட வினவல், விசைகள்

முடிவுக் கட்டத்தில் டிபீவர் வழக்கமாக முதல் 200 வரிகளைத்தான் கொண்டுவரும். கீழே போகப் போக மிச்சம் வரும். சினூக்கின் பாடல் டேபிளைத் திறந்து, கீழே உருட்டாமலேயே ஏற்றுமதி செய்யுங்கள். கோப்பில் தலைப்பு நீங்கலாக 3503 பதிவுகள் வர வேண்டும். 200 மட்டும் வந்தால் எந்தத் தேர்வால் அப்படி வந்தது என்று பார்த்து எழுதி வையுங்கள். வெற்று உரையும், மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் நல் (NULL) என்பதும் கலந்த ஒரு நெடுவரிசையை ஏற்றுமதி செய்து, திரும்ப இறக்குமதி செய்தால் இரண்டும் வேறுபட்டே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இது எல்லாக் கருவிகளிலும் அடிக்கடி வழுக்குகிற இடம்.

போஸ்ட்கிரெஸில் எண்வரிசை தரும் ஜெனரேட் சீரீஸ் ஃபங்ஷனைக் கொண்டு பத்து லட்சம் வரிகள் உருவாக்கி, கனமான ஒரு வினவலை ஓட்டி நடுவில் ரத்து செய்யுங்கள். திரையில் நின்றால் போதாது, சர்வரிலும் நின்றதா என்று ஸ்டாட் ஆக்டிவிட்டியில் பாருங்கள். பெரிய முடிவுகளில் கருவி தடுமாறினால் ஐஎன்ஐ கோப்பில் ஜாவாவுக்கு ஒதுக்கிய நினைவக அளவைப் பாருங்கள். அது எவ்வளவாக இருந்தாலும், இரண்டு பதிப்பிலும் ஒரே அளவு வைத்த பிறகுதான் வேகத்தை ஒப்பிட வேண்டும்.

எடிட்டரில் கண்ட்ரோல்-என்டர் ஒரு கட்டளையையும் ஆல்ட்-எக்ஸ் முழு ஸ்கிரிப்டையும் ஓட்டும். காலி வரியையும் கட்டளை முடிவாக எடுத்துக்கொள்ளும் அமைப்பு டிபீவரில் உண்டு என்பதால், நடுவில் காலி வரி உள்ள ஒரு டெலிட் கட்டளையை எழுதிப் பாருங்கள். நிபந்தனைப் பகுதி காலி வரிக்குக் கீழே தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டாலர் குறிகளுக்குள் உடல் எழுதப்பட்ட ஒரு ஃபங்ஷனையும் முழுதாக ஓட்டிப் பாருங்கள்.

இரண்டு வாரம் பழகுங்கள், பிழையைச் சொல்லுங்கள்

இதெல்லாம் முடிந்த பிறகு, அன்றாட வேலையில் பாதியை முன்னோட்டத்தில் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு உரைக்கோப்பைத் திறந்து வைத்து, "இன்று இது பிசகியது" என்று அப்போதே எழுதிவிடுங்கள். மாலையில் நினைவிலிருந்து எழுதினால் எந்த வரிசையில் என்ன செய்தோம் என்பது போய்விடும். பிழையைத் திருத்துகிறவருக்கு வேண்டியது அந்த வரிசைதான்.

பிழையைக் கண்டால் முதலில் அதை நிலையான பதிப்பில் செய்து பாருங்கள். அங்கேயும் வந்தால் அது பழைய பிழை. முன்னோட்டத்தில் மட்டும் வந்தால் புதியது, விரைவில் சொல்ல வேண்டியது. பிறகு அதை சினூக்கிலேயே மறுபடி வரவழைக்க முடிகிறதா என்று முயலுங்கள். முடிந்தால் உங்கள் அறிக்கையின் மதிப்பு பல மடங்கு கூடும். உங்கள் நிறுவனத்தின் டேபிள் எதையும் காட்டாமலே, யார் வேண்டுமானாலும் தங்கள் மெஷினில் அதைப் பார்க்க முடியும்.

அறிக்கை கிட்ஹப்பில் டிபீவர் திட்டத்தின் இஷ்யூ பகுதிக்குப் போகும். முதலில் தேடுங்கள், வேறொருவர் ஏற்கெனவே எழுதியிருக்கலாம். எழுதினால் டிபீவரின் பதிப்பு, இயங்குதளம், தரவுத்தளத்தின் பெயரும் பதிப்பும், டிரைவரின் பதிப்பு, செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது எல்லாம் இருக்கட்டும். வொர்க்ஸ்பேஸுக்குள் மெட்டாடேட்டா கோப்புறையில், நடந்ததைக் குறித்துவைக்கும் டிபீவர் டீபக் லாக் என்ற கோப்பு இருக்கும். அதை இணைக்கும் முன் ஒரு முறை முழுதாகப் படியுங்கள். சர்வர் முகவரி, பயனர் பெயர், சில சமயம் வினவலே அதில் இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டிலும் வாடிக்கையாளர் பெயரோ தொலைபேசி எண்ணோ தெரியக் கூடாது. தமிழ் எழுத்துச் சிக்கல் என்றால், தமிழ் தெரியாத ஒருவர் படிக்கப்போகிறார் என்பதை நினைவில் வைத்து, சரியாக எப்படித் தெரிய வேண்டும் என்ற படத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

முடித்ததும் முன்னோட்டக் கோப்புறையையும் அதன் வொர்க்ஸ்பேஸையும் அழித்துவிடலாம், டாக்கர் சர்வரையும் நிறுத்திவிடலாம். சோதனைக்கு எழுதிய ஸ்கிரிப்ட்களை மட்டும் எடுத்து வையுங்கள். நீங்கள் சொன்ன பிழை திருத்தப்பட்ட பதிப்பு வெளிவந்தால், அதே ஸ்கிரிப்டை அதில் ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டதா இல்லையா என்று அந்த இஷ்யூவிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். திருத்தியவர்கள் அந்த வரிக்காகத்தான் காத்திருப்பார்கள்.